இரவல் வலுவில் இயங்கும் சில்லு

தனக்கென மின்கலமின்றி, தன்னை வினாவும் வானொலியலையிலிருந்தே வலுவைப் பெற்று, அவ்வலையின் வழியே விடையிறுக்கும் அடையாளச் சில்லு இக்காலப் பண்டசாலைகளில் எளிய பொருளாகிவிட்டது. அதன் வரலாறோ ஒற்றாடலோடு பிணைந்தது.

1945ஆம் ஆண்டிலே சோவியத் சிறுவர், மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதுவர் ஹரிமனுக்கு மரத்திற் செதுக்கிய முத்திரையொன்றைப் பரிசளித்தனர். லெவ் தெரமின் அமைத்த ஒட்டுக்கேட்குங் கருவி அதனுள் மறைந்திருந்தது. வெளியிலிருந்து செலுத்தப்பட்ட அலையைத் தெறிக்கச் செய்து, அத்தெறிப்பிலே அறையின் பேச்சை ஏற்றியனுப்பிய அக்கருவிக்கும் மின்கலமில்லை. 1952 வரை அது வெளிப்படவில்லை. 1948இல் ஹரி ஸ்ரொக்மன், தெறித்த வலுவாற் செய்தி அனுப்பும் முறையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். 1975இல் லொஸ் அலமொஸ் ஆய்வாளர் அம்முறையை அடையாளங் காண்பதற்குப் பயன்படுத்தும் வகையை விளக்கினர்.

கருத்து முதிர்ந்தும் கருவி விரைந்து பரவாமைக்குக் காரணம் யாது? வலுவின் வறுமை முதன்மையான காரணங்களுள் ஒன்று. தூரம் இருமடங்காயின், திறந்தவெளியிற் கிடைக்கும் வலு நாலிலொன்றாகும். அமெரிக்க விதி அனுமதிக்கும் 4 வாற்று அலை, 10 மீற்றர் தொலைவிலுள்ள சிறு வான்கம்பிக்கு அளிப்பது சில பத்து மைக்கிரோவாற்றுக்களே. அதிலும் ஒரு பகுதி நேரோட்டமாக மாறுகையில் அழியும்.

வரவு பெருகாவிடத்துச் செலவைச் சுருக்குவதன்றி வேறு வழியில்லை. எனவே அறிஞர், சிறு அழுத்தத்திலேயே கடத்தும் சொட்கி இருவாயிகளை நாடினர். சுற்றின் அழுத்தத்தையுங் குறைத்தனர்; அழுத்தம் பாதியாயின், ஆளிமாற்றத்திற் செலவாகும் வலு நாலிலொன்றாகும். கடிகாரத் துடிப்பைத் தளர்த்தினர். சில்லு தானாக அலை பரப்பாது, வான்கம்பியின் சுமையை மாற்றித் தெறிப்பை வேறுபடுத்துதலே போதுமாயிற்று. 2003இல் கார்த்தவுஸ், பிஷர் என்போர் 16.7 மைக்கிரோவாற்றில் இயங்குஞ் சில்லொன்றை அறிவித்தனர். பின்வந்தவற்றுட் சில 10 மைக்கிரோவாற்றுக்குங் குறைந்த வலுவிலே இயங்குகின்றன.

ஆயினும் இச்சிக்கனத்திற்கும் ஒரு விலையுண்டு. வலிய மறையெழுத்து முறைகளைக் கையாள வலு வேண்டும். அஃதில்லாத எளிய சில்லு, வினாவுவோர் யாவராயினும் விடையளிக்கும். இதனை உணர்ந்தே, விற்பனைக்குப் பின் சில்லை நிரந்தரமாக ஊமையாக்குங் கட்டளைக்கு 2004ஆம் ஆண்டின் நியமத்தில் இடமளிக்கப்பட்டது. மொஸ்கோ முத்திரை எழுப்பிய வினா இன்னும் ஓயவில்லை: பொருள் பேசும்போது, கேட்பவர் யார்?