ஆர்ட்டிகிள்ஷிப்: தணிக்கை அலுவலகப் பயிற்சியும் பல்கலைக்கழகப் படிப்பும்

பட்டயக் கணக்காளராக விரும்பும் மாணவர், தொழில் நடத்திவரும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு குறிப்பிட்ட காலம் பெறும் கட்டாயப் பயிற்சி ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை ‘ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் இருப்பது’ என்பார்கள். பட்டப் படிப்பையும் இப்பயிற்சியையும் ஒரே காலத்தில் மேற்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பரவலாக உள்ளது. இத்துறையில் பட்டம் மட்டும் ஒருவரைத் தணிக்கையாளர் ஆக்குவதில்லை. பயிற்சிக்கு ஒருவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் யாருக்கு அந்த இடம் கிடைத்தது என்பதே இப்பயிற்சி முறையின் வரலாறாகவும் அமைந்தது.

தோற்றம்

இம்முறை பிரிட்டனில் உருவானது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கணக்காளர் சங்கம் 1854-இலும், இங்கிலாந்து-வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 1880-இலும் அரச பட்டயம் பெற்றன. பட்டயக் கணக்காளர் என்ற பெயர் இந்த அரச பட்டயத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஐந்தாண்டுப் பயிற்சி விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு மட்டும் அது மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. பட்டத்துக்கும் பயிற்சிக்கும் இடையிலான தொடர்பு இவ்வாறு தொடக்கத்திலேயே விதிகளில் இடம்பெற்றது.

பயிற்சியில் சேர்பவர் தம் முதல்வருக்கு ‘பிரீமியம்’ என்ற பெயரில் பணம் கட்டுவது அக்கால வழக்கம். ஆகவே வசதியுள்ள குடும்பத்து ஆண்களே பெரும்பாலும் இத்தொழிலுக்கு வந்தனர். மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-இல் விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக இங்கிலாந்துக் கழகம் அவரை ஏற்க மறுத்தது. 1919-இல் சட்டம் மாறிய பிறகு, 1920-இல்தான் அவர் உறுப்பினர் ஆனார்.

இந்தியாவில் அறிமுகம்

1913-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டம், கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்வோருக்குத் தகுதி வேண்டும் என வரையறுத்தது. அதைத் தொடர்ந்து 1918-இல் பம்பாயில் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமா தொடங்கப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளால் ஜி.டி.ஏ. என்று அழைக்கப்பட்ட இத்தேர்வில் தேறி, அங்கீகரிக்கப்பட்ட கணக்காளரிடம் மூன்றாண்டு பயிற்சியும் முடித்தவர், இந்தியா முழுவதும் கம்பெனித் தணிக்கை செய்யலாம். 1932-இல் வந்த தணிக்கையாளர் சான்றிதழ் விதிகளின்படி, இத்தகுதி பெற்றவர்கள் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றுப் பதிவுபெற்ற கணக்காளர் எனப்பட்டனர்.

ஆர். சிவபோகம்

சென்னையில் இப்பாதையில் நடந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆர். சிவபோகம் (1907–1966). இந்தியாவின் முதல் பெண் கணக்காளராக இவர் அறியப்படுகிறார். இவர் சகோதரி சுப்பலட்சுமியின் மாணவி. சென்னை ராணி மேரி கல்லூரியில் பட்டப் படிப்பை முடித்தார். விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டு ஓராண்டு சிறைத்தண்டனை அனுபவித்தார்.

விடுதலையான பின் கணக்கியலைத் தொழிலாகத் தேர்ந்தார். அக்காலத்தில் பெண் பட்டதாரிகள் பெரும்பாலும் ஆசிரியர் பணிக்கோ மருத்துவத்துக்கோ சென்றனர். தணிக்கை அலுவலகங்கள் ஆண்கள் மட்டும் பணிபுரியும் இடங்களாக இருந்தன. சென்னையின் முன்னோடித் தணிக்கையாளர்களுள் ஒருவரான சி. எஸ். சாஸ்திரி அவரைத் தம்மிடம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். 1933-இல் சிவபோகம் ஜி.டி.ஏ. தேர்வில் வென்றார்.

ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக்கூடாது என்ற தடை குறுக்கே வந்தது. பட்டம், பயிற்சி, தேர்வு மூன்றும் இருந்தும் தொழில் செய்யும் உரிமை கிடைக்கவில்லை. அவர் நீதிமன்றத்தை நாடி வென்றார். 1937-இல் தனியாகத் தணிக்கைத் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இறுதித் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்களுக்கென ஒரு பரிசையும் நிறுவினார்.

1949 சட்டமும் பயிற்சி விதிகளும்

விடுதலைக்குப் பின் பட்டயக் கணக்காளர் சட்டம் 1949 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் முதல் தலைவர் ஜி. பி. கபாடியா. தேர்வும் பயிற்சியும் கழகத்தின் பொறுப்பில் வந்தன. காலப்போக்கில் பிரீமியம் மறைந்து, முதல்வரே மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தரவேண்டும் என்பது விதியானது. பணம் கட்டிச் சேர்ந்த இடத்தில் பணம் பெற்றுக் கற்கும் நிலை வந்தது, நடுத்தர, ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு முக்கியமான மாற்றம்.

கல்லூரியும் அலுவலகமும்

1988-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகளின் 65-ஆம் விதிப்படி, பயிற்சியில் இருப்பவர் முன் அனுமதியின்றி வேறு படிப்பில் சேரக்கூடாது. பட்டப் படிப்பைத் தொடர விரும்புபவர் 112-ஆம் எண் படிவத்தில் அனுமதி கோர வேண்டும். கல்லூரி வகுப்பு அலுவலக நேரத்தில் குறுக்கிடக்கூடாது. இதனால் காலை வகுப்பு, மாலைக் கல்லூரி, அஞ்சல்வழிக் கல்வி ஆகியவை இம்மாணவர்களின் வழிகளாயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இல் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது.

இரண்டையும் சேர்த்து நடத்துவதில் உள்ள சிக்கல் நாட்காட்டியில் தெரியும். மார்ச் 31 அன்று நிதியாண்டு முடிகிறது. அன்று சரக்கிருப்பைச் சரிபார்க்கும் பணியும், ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கையும் வரும். பல்கலைக்கழகப் பருவத் தேர்வுகளும் அதே மாதங்களில் நடைபெறும். கழகத்தின் தேர்வுகள் நெடுங்காலம் மே, நவம்பர் மாதங்களில் நடந்துவந்தன.

ஆயினும் வகுப்பறை தராத ஒன்றை அலுவலகம் தருகிறது. வவுச்சரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ‘டிக்’ போடுவதில் தொடங்கும் மாணவர், படிப்படியாக வங்கிக் கணக்கு ஒத்திசைவு, வரிக் கணக்கு, தணிக்கை அறிக்கை வரை செல்கிறார். பி.காம். பாடநூலில் கணக்கு எப்போதும் சமன் ஆகிவிடும். வாடிக்கையாளரின் பேரேட்டில் அது ஏன் சமன் ஆகவில்லை என்று தேடுவதே பயிற்சி.

அண்மைக்கால மாற்றங்கள்

பயிற்சிக் காலம் நெடுங்காலம் மூன்றாண்டாக இருந்தது. 2006-இல் மூன்றரை ஆண்டாகி, பின்னர் மீண்டும் மூன்றாண்டானது. 2012 முதல், உரிய மதிப்பெண் பெற்ற பட்டதாரிகள் நுழைவுநிலைத் தேர்வின்றி நேரடியாகச் சேரலாம். 2021-இல் பல்கலைக்கழக மானியக்குழு, பட்டயக் கணக்காளர் தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டம் பயிற்சியை இரண்டாண்டாகக் குறைத்தது.

சிறு நகரங்களின் நிலை

உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு, பயிற்சி நடக்கும் நகரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 20 லட்சத்துக்கு மேல், 4 முதல் 20 லட்சம் வரை, 4 லட்சத்துக்குக் கீழ் என மூன்று நிலைகள் உண்டு. தென்னிந்திய மண்டலக் குழுவின் எல்லைக்குள் வரும் காரைக்காலில், மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம்தான். எனவே தருமபுரம் போன்ற ஊரின் மாணவர் உள்ளூரில் பயிற்சி பெற்றால் கடைசி நிலைத் தொகைக்கே உரியவர். சென்னைக்குச் சென்றால் தொகை கூடும். ஆனால் தங்கும் செலவும் கூடும், காரைக்காலில் சேர்ந்த கல்லூரி வகுப்பும் கைவிட்டுப் போகும். பிரீமியம் ஒழிந்தாலும், பயிற்சி இடத்தை அடைவதற்கான செலவு இவ்வடிவில் தொடர்கிறது.