மறுவாழ்வு முகாம் உதவித்தொகை
தமிழ்நாட்டில் முகாம்களில் பதிவுசெய்து வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அரசு மாதந்தோறும் வழங்கும் பணம். 1983-க்குப் பின் அகதிகளாக வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இதைப் பெறுகின்றனர். ஓட்டப்பிடாரத்துக்கு வடக்கே, எட்டயபுரம் அருகே கரிசல் காட்டிலுள்ள தாப்பாத்தி முகாம் இத்தகைய முகாம்களுள் ஒன்று.

2021 ஆகஸ்டில் மு. க. ஸ்டாலின் அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000 ஆகவும், சிறுவர்க்கு 400-லிருந்து 500 ஆகவும் உயர்ந்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் இத்திட்டத்தில் அடங்கும். பத்துக்குப் பத்து அடி அறையில் வயதுவந்த மகளோடு குடும்பமே முடங்கிக் கிடந்த நிலைக்கு இதுவே பெரிய மாற்றம். தொகை உயர்வைவிட முக்கியமானது.

பணம் பெற ஆள் கணக்கெடுப்பின்போது முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூரில் பெயிண்ட் அடிக்கப் போகிறவருக்கு இது தீராத தொல்லை. முகாமுக்கு வெளியே வாழ்வோருக்கு இத்தொகை கிடையாது.

உதவித்தொகை கிடைத்தாலும் முகாமில் வாழ்வோரின் குடியுரிமைச் சிக்கல் தீரவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தோரை மட்டுமே சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. தொகையை மாநிலம் உயர்த்தலாம்; குடியுரிமை தரும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே உள்ளது. முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கேனும் ஒன்றிய அரசு குடியுரிமையை உடனே வழங்க வேண்டும்.