அடுக்களையும் கணினியும்

க.பொ.த. சாதாரண தரத்தில் மூன்றாம் தொகுதியிலிருந்து ஒரு பாடத்தையே மாணவி தெரிவு செய்யலாம். மனைப்பொருளியலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் அந்த ஒரே தொகுதிக்குள் வருகின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். "கணினி படித்தால் வேலை கிடைக்கும், சமையலை வீட்டிலே பழகலாம்" என்று பெற்றோர் சொல்வது நாம் எல்லோரும் கேட்ட பேச்சுத்தான். இவ்விரு பாடங்களும் உண்மையில் போட்டிப் பாடங்களா? வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

மனைப்பொருளியல் என்ற பெயர் 1899இல் ஐக்கிய அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் கூடிய மாநாட்டில் நிலைபெற்றது. தலைமை வகித்தவர் எலன் ரிச்சர்ட்ஸ் என்னும் இரசாயனவியலாளர். மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1873இல் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. அதே ஆண்டில் பொஸ்ரன் நகரில் அனா எலியற் ரிக்னர், பெண்கள் வீட்டிலிருந்தே தபால்மூலம் கற்பதற்கு ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதன் விஞ்ஞானப் பிரிவில் பின்னர் ரிச்சர்ட்ஸ் கற்பித்தார். 1900இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மார்த்தா வான் ரென்சலேயர், கமக்காரரின் மனைவியருக்கென வாசிப்புப் பாடநெறி ஒன்றை ஆரம்பித்தார். வகுப்புக்கு வரமுடியாத பெண்ணைத் தேடிப் பாடம் போகவேண்டும் என்பதே இவர்களின் எண்ணம். அக்காலத்தின் தொழினுட்பம் தபால். அதை அவர்கள் தயங்காது பயன்படுத்தினர்.

கணினி அடுக்களைக்கு வந்த முதல் வரவு சிறக்கவில்லை. 1969இல் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணினி' 10,600 டொலர் விலையில் விற்பனைப் பட்டியலொன்றில் வெளியானது. அதை இயக்கப் பழக இரு வாரப் பயிற்சி வேண்டும். திரை இல்லை, ஆளிகளும் மின்னும் விளக்குகளுமே இருந்தன. ஒன்றேனும் விற்பனையானதற்குச் சான்றில்லை. செய்தவர்களுக்கு இயந்திரம் தெரிந்திருந்தது, அடுக்களை தெரிந்திருக்கவில்லை.

1979இல் விசிகல்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபின் நிலைமை மாறியது. காபோவைதரேற்று ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று நாம் கொப்பியில் பெருக்கிக் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். இன்று தேங்காய்ப்பாலைக் குறைத்தால் கொழுப்பு எவ்வளவு குறையும், அரிசி விலை ஏறினால் மாதச் செலவு எப்படி மாறும் என்பதை ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றியே மாணவி அறியலாம். மிஞ்சும் நேரத்தில் ஏன் என்று கேட்கலாம். ஆயினும் புட்டுமாவின் பதத்தை விரல்தான் அறியும். அதற்கு ஆசிரியை அருகில் நிற்கவேண்டும்.

எமது நாட்டில் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு, வேலை செய்வோரும் இல்லத்தரசிகளும் மீண்டும் கற்க வழி பிறந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் மலர்களையும் எங்கிருந்தும் படிக்கலாம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியதையும் அப்போது கண்டோம்.

எம்மிடையே தாதியர், உணவியலாளர், கணக்காளர், தையற்கலை வல்லோர் எனப் பலர் பல நாடுகளில் உள்ளனர். மாதம் ஒரு மணிநேரம் இணையவழியில் எமது மனையியற் கூடத்துக்கு வந்து கற்பித்தால், தொகுதி பிரித்த இரு பாடங்களையும் நாம் சேர்த்துவைக்கலாம். கைப்பேசி இல்லாத பிள்ளைகளும் கூடத்துத் திரையின் முன் ஒன்றாக இருந்து கற்பர். அன்று தபால் செய்த பணியை இன்று நாம் செய்வோம்.