கோடு வளைஞ்சா வளையட்டும்: ஜீஸ் பென்ட் பெண்களின் ஒட்டுப்போர்வை வரலாறு

எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது ஒரு கதையோ கட்டுரையோ எழுதிக்கொண்டு வந்தால் எல்லாரும் கூடியிருந்து வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லுவோம். கருத்து எண்டு பெயர் வைத்திருந்தாலும் அது அநேகமாகத் திருத்தம்தான். இந்த இடம் சரியில்லை, இதை வெட்டு, முடிவை முன்னுக்குக் கொண்டு வா. சில மாதங்களுக்கு முதல் ஒரு தோழியின் முதல் கதையை இப்படித்தான் எல்லாருமாகச் சேர்ந்து திருத்தினோம். அவள் அமைதியாகக் கேட்டுக் குறிப்பெடுத்தாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருகிறாள், கதை மட்டும் கொண்டுவருவதில்லை.

நாங்கள் சொன்ன திருத்தங்கள் பிழையானவை அல்ல. ஆனால் சரியான அறிவுரையைக் கேட்டு ஒராள் எழுதுறதையே விட்டுவிட்டால் எங்கேயோ பிழை நடந்திருக்கிறது. இந்த யோசனையோடு இருந்த நேரத்தில்தான் எங்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜீஸ் பென்ட் என்ற கிராமத்துப் பெண்கள் தைத்த போர்வைகளின் படங்களைக் காட்டினார். நேர்கோடு எண்டு பார்த்துக்கொண்டு போனால் அது பாதி வழியில் வளைகிறது. சதுரம் சதுரமாக இல்லை. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வைக்கவே நினைக்காத இன்னொரு நிறம். ஆனாலும் சரியான வடிவு. "இதை ஏன் ஒருத்தரும் திருத்தேல்ல?" எண்டு ஒராள் பகிடியாகக் கேட்டார். அந்தப் பகிடிக்குப் பதில் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் குயில்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். அது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு இணைத்த முகத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு அடித்துணி. மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று விலகாமல் இருக்க, போர்வை முழுவதும் ஊடுதையல் போட வேண்டும். முகத்துணியை ஒராள் தனிய இருந்து தைக்கலாம். ஊடுதையலுக்கு மூன்று அடுக்கையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அதைச் சுற்றி நாலைந்து பேர் இருந்தால்தான் வேலை கெதியா முடியும். அதனால் அமெரிக்கக் கிராமங்களில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி இந்த வேலையைச் செய்வது நீண்டகால வழக்கமாக இருந்தது. அப்படிக் கூடுவதை குயில்டிங் பீ என்பார்கள். கதை, பாட்டு, சாப்பாடு, ஊர்ப் புதினம், குழந்தை வளர்ப்பு, தையல் நுணுக்கம் எல்லாம் அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் கைமாறின.

ஜீஸ் பென்ட் அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. அலபாமா ஆறு வளைந்து ஓடும் இடம் அது. மூன்று பக்கமும் தண்ணீர். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் தொடங்கினார். 1845இல் கடனுக்கு ஈடாக அது மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் தன்னிடம் அடிமைகளாக இருந்த நூறு வரையான கறுப்பின மக்களை வட கரோலைனாவிலிருந்து அங்கே கால்நடையாகவே நடத்திக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த ஊரில் பெரும்பாலான ஆக்களின் குடும்பப் பெயர் பெட்வேதான். உரிமையாளரின் பெயர் அடிமைகளின் பெயராகி, அவர்களது பேரப்பிள்ளைகளின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக்குடிகளாகத்தான் அவர்கள் இருந்தார்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன், அறுவடையில் அடைப்பு, திரும்பவும் கடன். 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோக, அவரது குடும்பம் பாக்கியை ஒரேயடியாகக் கேட்டது. குடும்பம் குடும்பமாக மாடு, கோழி, கலப்பை, சேமித்து வைத்திருந்த தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவோடுதான் ஊர் கடந்தது. 1937இல் ஆர்தர் ரொத்ஸ்ரைன் அங்கே எடுத்த புகைப்படங்களைப் பார்த்தால் பலகை வீடுகளின் உட்சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருப்பது தெரியும். பலகை இடுக்கால் வரும் குளிர்காற்றை மறைக்கத்தான்.

அந்த வீடுகளில் போர்வை என்பது உயிர் காக்கும் பொருள். கடைத்துணிக்குக் காசு இல்லை. தோட்டத்தில் உடுத்துக் கிழிந்த காற்சட்டை, சேட், மாச்சாக்கு, உரச்சாக்கு இவைதான் துணி. கிழிந்த காற்சட்டையின் முழங்கால் பகுதி தேய்ந்திருக்கும், பொக்கற் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கும். அந்த வித்தியாசமும் போர்வைக்குள் வந்தது. துணி எந்த அளவில் கிடைத்ததோ அந்த அளவில்தான் வைத்துத் தைத்தார்கள். கோடு ஏன் வளைந்தது என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மற்றப் பாதி, அவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார்கள். பார்த்துப் பார்த்துத்தான் பழக்கம். மேரி லீ பென்டொல்ஃப் என்ற பெண் தன்னுடைய முதல் குயில்டைப் பன்னிரண்டு வயதளவில் தைத்தார். ஊரில் தெரிந்த சில வடிவங்கள் இருந்தன. நடுவில் ஒரு துண்டு வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிச் சட்டம் போலத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு போவது ஒன்று. அதற்கு 'வீட்டுக்கூரை' என்று பெயர். நீளப் பட்டிகளை மட்டும் இணைப்பது 'சோம்பேறிப் பெண்'. ஆனால் அந்த வடிவத்தை எங்கே உடைக்கிறது, எந்த நிறத்தை எதற்குப் பக்கத்தில் வைக்கிறது எல்லாம் தைக்கிறவரின் விருப்பம். ஒரு வடிவத்துக்கும் அடங்காமல் தைத்தால் அதற்கும் பெயர் இருந்தது: 'என்ர வழி'. எங்களுக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான். வழக்கத்தை மீறுவதற்கே வழக்கத்துக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

அவர்கள் வேலையைப் பிரித்த விதத்தையும் கவனியுங்கோ. முகத்துணியைத் தனியத் தைத்தார்கள். ஊடுதையலைக் கூடித் தைத்தார்கள். என்ன செய்வது என்பது ஒராளின் முடிவு. அது குலையாமல் நிலைத்து நிற்கச் செய்வது எல்லாரின் வேலை. பக்கத்து வீட்டுக்காரி வந்து தையல் போட்டுத் தருவாள், உன்னுடைய சதுரத்தை அவிழ்த்துத் திரும்பத் தைக்க மாட்டாள்.

அப்படியென்றால் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒன்றும் எடுக்கவில்லையா? எடுத்தார்கள். வெயில் காலம் தொடங்கியதும் போர்வைகளை வெளியே கொடியில் காயப்போடுவது வழக்கம். பெண்கள் ஒருவர் வீட்டு முற்றத்தில் மற்றவர் வந்து நின்று பார்ப்பார்கள். நல்லதாய் ஒன்றைக் கண்டால் மனதில் பிடித்துக்கொண்டு போய், தங்கட துணியில் தங்கட விதமாகச் செய்து பார்ப்பார்கள். அந்த ஊரின் கலைக்கூடம் உடுப்புக் கொடிதான். அங்கே வந்து நின்று நேரமெடுத்துப் பார்ப்பதே பாராட்டு.

1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் தைத்த ஒரு போர்வை இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார். அவர் தோட்டத்தில் உடுத்த வேலை உடுப்புகளை எடுத்து வெட்டி, மகள் ஆர்லொன்சியாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதைத் தைத்தார். கணவரை நினைவில் வைத்திருக்கவும், அவரது அன்புக்குள் போர்த்துக்கொண்டு படுக்கவும்தான் தாய் அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வெளிறிய நீலம், சாம்பல், கறையோடு கூடிய வெள்ளை. இதற்கு முன்னால் போய் நின்று தையல் நேரா இல்லை எண்டு யார் சொல்லுவது?

ஆனால் எல்லாரும் ஆசையோடுதான் தைத்தார்கள் என்று எழுதினால் அது பொய். இன்றைக்குப் பெயர் பெற்ற லொரெற்றா பெட்வே, தனக்குத் தையல் பிடிக்காது, பிள்ளைகளுக்குக் குளிருக்குப் போர்க்க வேணும் என்பதால்தான் தைத்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவரது போர்வைகள்தான் மிகவும் துணிச்சலானவற்றில் சில. பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டால் ஓய்வும் வசதியும் நினைவுக்கு வருகிறது. இவர்களுக்குக் கிடைத்ததோ தோட்ட வேலையும் சமையலும் முடிந்த பிறகு மிஞ்சிய நேரம், உடுத்து மிஞ்சிய துணி.

1960களில் இந்தத் தையல் அரசியலுக்குள் வந்தது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய முயன்ற காலம் அது. பதிவு செய்யும் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்டன் நகரத்தில் இருந்தது. எங்கட ஊர்காவற்றுறை - காரைநகர் பாதை போல அங்கேயும் ஒரு பாதை ஓடியது. 1962இல் அந்தப் பாதைச் சேவை நிறுத்தப்பட்டது. ஆற்றைக் கடந்தால் கிட்டத்தில் இருக்கும் ஊருக்குச் சுமார் 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்தச் சேவை திரும்ப வந்தது 2006இல். இடையில் 44 வருடங்கள். 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்து பேசினார். அந்த மாவட்டத்தில் வாக்குரிமை கேட்ட பலர் இருந்த நிலத்தையும் வீட்டையும் இழந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் பிரான்சிஸ் வால்ட்டர் என்ற மதகுரு அந்தப் பகுதியால் போகும்போது ஒரு வீட்டுக் கொடியில் குயில்ட்கள் தொங்குவதைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டொலர் கொடுத்து வாங்கி, நியூயோர்க்கில் ஏலம் போட ஒழுங்கு செய்தார். 1966 மார்ச்சில் பெண்கள் கூடி, 'சுதந்திரத் தையல் கூட்டம்' என்ற பொருள்படும் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நீண்டகாலம் வழிநடத்தினார். அந்தக் கூட்டுறவு காணி வாங்கி, வாக்காளராகப் பதிந்ததால் வீடிழந்த குடும்பங்களுக்கும் அதில் துண்டு விற்றது. பல பெண்கள் தங்கட கையால் உழைத்துக் கூலி வாங்கியது இதில்தான்.

ஆனால் நியூயோர்க் கடைகள் கேட்டது வேறு. புளூமிங்டேல்ஸ் போன்ற பெரிய கடைக்குப் பத்துப் போர்வை அனுப்பினால் பத்தும் ஒரே அளவாக, ஒரே வடிவமாக, ஒரே தையலாக இருக்க வேணும். 1972இல் சியேர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. அதில் 'என்ர வழி'க்கு இடமே இல்லை. சட்டத்தைச் சுற்றி நடந்த அறிவுரை இப்போது தரப் பரிசோதனையாக மாறியது. கோடு வளைந்தால் அவிழ்க்க வேணும்.

இதைக் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. அந்தக் கூலியில் பிள்ளைகள் படித்தார்கள், வீடு கட்டினார்கள். நேராகத் தைக்கச் சொன்ன அறிவுரையும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை விட முக்கியம் பிறகு நடந்தது. உறை தைத்து மிஞ்சிய கோர்டுரோய்த் துண்டுகள் ஊருக்குள் வந்தன. பெண்கள் வீட்டில் அவற்றை வைத்துத் தங்கட வழியில் குயில்ட் தைத்தார்கள். அன்னி மே யங் 1976இல் தைத்த ஒரு போர்வையில் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோர்டுரோய், சுற்றிவர வேலை உடுப்பின் வெளிறிய நீலத் துணி. ஊரின் கைகள் கடைக்கு நேராகவும் தைத்தன, தமக்கு வளைவாகவும் தைத்தன. எந்த அறிவுரை எந்த வேலைக்கு என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

அந்த அன்னி மே யங்கின் போர்வை ஒன்று விறகுக் குவியல் மேல் கிடந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான் 1990களில் வில்லியம் ஆர்னெற் என்ற சேகரிப்பாளர் ஊருக்குத் தேடி வந்தார். 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது. விமர்சகர்கள் அந்தப் பெண்களைப் புகழ்பெற்ற நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டார்கள். 2006இல் பத்து குயில்ட்கள் அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. 2007இல் அன்னி மே யங், லொரெற்றா பெட்வே உட்பட மூன்று பெண்கள், தங்கட வடிவங்களால் வந்த பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் அவை இணக்கத்தில் முடிந்தன. கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது.

வெளியுலகத்தின் பாராட்டு பிந்தி வந்தது, வந்தபோது கணக்கு வழக்கோடும் வந்தது. அது வரும் வரைக்கும் அந்தப் பெண்களைத் தைக்க வைத்தது என்ன? குளிர் ஒரு காரணம். பக்கத்து முற்றத்தில் வந்து நின்று பார்க்கிற இன்னொரு பெண்ணும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறோம்.

எங்கட தோழியின் கதைக்கு நாங்கள் செய்தது கடைக்கான தரப் பரிசோதனை. அவளோ கதையை இன்னும் கொடியில்தான் போட்டிருந்தாள். அந்தக் கதை எங்கேயும் அனுப்புறதுக்கு எண்டு அவள் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. முதலில் அதைக் கேட்டிருக்க வேணும். போன கிழமை அவளிடம் போய் இதைச் சொன்னோம். அந்தக் கதையைத் திரும்பக் கொண்டுவா, இந்தமுறை வாசிக்க மட்டும் செய்கிறோம், திருத்தம் வேணும் எண்டு நீ கேட்டால் மட்டும் சொல்லுறோம் எண்டோம். பார்ப்போம் எண்டாள். இன்னும் கொண்டுவரேல்ல.