பதிவேட்டில் பெயரில்லாதோர்

மணவாழ்வில் முப்பது ஆண்டுகளை இறையருளால் நிறைவு செய்த நாங்கள் இருவரும், பிள்ளைகள் எடுத்துத் தந்த பயணச்சீட்டின் துணையால் மொரீசியஸ் தீவில் ஒரு வாரம் தங்கி வந்தோம். அதன் கடற்கரைகளைப் பற்றி எழுத அதிகமில்லை. நாட்காட்டிப் படங்களில் காணும் அதே நீலமும் அதே வெண்மணலும்தான். இரண்டு நாள் அதில் கழிந்தன. எஞ்சிய நாள்களை அத்தீவின் வரலாறு எடுத்துக்கொண்டது.

நம் குமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய நிலப்பரப்பு அது. 1,865 சதுர கிலோமீட்டர். மனிதர் குடியிராத அத்தீவில் 1598இல் ஒல்லாந்தர் இறங்கித் தம் இளவரசர் மொரிஸின் பெயரைச் சூட்டினர். 1710இல் கைவிட்டுச் சென்றனர். அவர்கள் காலத்தில் அழிந்த டோடோ பறவை இன்று கடைகள்தோறும் பொம்மையாக விற்பனையாகிறது! 1715இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினர்.

தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தை நோக்கி ஆளுநர் லா பூர்தொனேயின் சிலை நிற்கிறது. 1735இல் பொறுப்பேற்ற அவர், துறைமுகத்தையும் மருத்துவமனையையும் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் கப்பலேறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழரின் கைவண்ணம் அங்குச் சென்றுவிட்டது. 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப் பட்டணத்தைக் கைப்பற்றியவரும் இதே லா பூர்தொனேதான். பின்னர் துய்ப்ளேயோடு முரண்பட்டு, பாரிசின் பஸ்தீல் சிறையில் அடைபட்டு, குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டு வெளிவந்தார். சென்னையின் வரலாற்றைப் பள்ளியில் படித்த நமக்கு, அந்தக் கப்பற்படை புறப்பட்ட தீவைப் பற்றி எவரும் சொல்லித் தரவில்லை.

துறைமுகத்தின் ஓரத்திலேயே ஆப்ரவாசி காட் உள்ளது. 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரோடு வந்து சேர்ந்தது. அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு வந்தனர். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் பெருந்தொகையினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதக் கூலி ஐந்து ரூபாய், ஒருநாள் வராவிட்டால் இருநாள் கூலி பிடிக்கப்பட்டது. இக்கொடுமைகளை எதிர்த்து 1871இல் அவர்களுக்காக மனு எழுதிய அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்னும் வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர், தலைநகரின் தெருவில் தாக்கப்பட்டார். அந்த மனுவின் விளைவாகவே அரச விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. தொழிலாளர் ஏறிய கற்படிகளில் சில இன்னும் எஞ்சியுள்ளன. 2006இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அப்படிகளில் காலணியுடன் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், குடியேறியோரின் பதிவேடுகள் காக்கப்பட்டு வருகின்றன. பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், கப்பல், உடல் அடையாளம் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. 1860களிலிருந்து வந்தோர் பலருக்கு நிழற்படமும் உண்டு. எழுத்தர்கள் பெயர்களைக் கேட்டபடி எழுதினர்; தந்தையின் பெயர் குடும்பப் பெயராயிற்று. வீரசாமியும் முத்துசாமியும் இன்று பிரெஞ்சு உச்சரிப்பில் திரிந்து நிற்கின்றனர். தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள் அப்பதிவேட்டின் வழியே ஊரைத் தேடி நம் நாட்டுக்கு வருகின்றனர். அத்தீவின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளிவந்த தாள்களில் தமிழ் இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், அவை திரும்பப் பெறப்பட்டன. இதைக் கேட்டு நாங்கள் பெருமை கொண்டதை மறைப்பானேன்?

அந்தப் பெருமையோடு கூலித்துறையின் அருகிலுள்ள பழைய இராணுவ மருத்துவமனைக்குள் சென்றோம். லா பூர்தொனே காலத்துக் கட்டடம் அது. 2023இல் அடிமை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பணியிலிருந்த கிரெயோல் பெண்மணி எங்களிடம், "உங்கள் மக்களுக்குப் படமும் ஊரும் உண்டு; எங்களுக்கு அவை இல்லை" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கூறினார். அவர் முகத்தில் குறையொன்றும் தென்படவில்லை; எங்களால்தான் அடுத்த அறைக்கு எளிதில் நகர இயலவில்லை.

மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டோரின் பெயர்கள் கரையேறிய அன்றே பறிக்கப்பட்டன. ஆண்டையின் விருப்பப்படி மாதப் பெயரோ கிழமைப் பெயரோ புராணப் பெயரோ சூட்டப்பட்டது. 1723ஆம் ஆண்டின் அரச ஆணை, அடிமைகள் அனைவருக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அதே ஆணை அவர்களை அசையும் சொத்து என்றும் வகுத்தது! ஒரே தாளில் இவ்விரண்டும் எழுதப்பட்டன என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் கடந்துபோக முடியாது. 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறையை ஒழித்தனர். அப்போது இழப்பீடு பெற்றவர்கள் ஆண்டைகளே. அத்தொகை இருபது இலட்சம் பவுனுக்கும் மேல். விடுதலை பெற்றவருக்கோ ஒரு காணி நிலமும் இல்லை. அவர்கள் விட்டகன்ற தோட்டங்களில்தான் நம்மவர் வந்து கரும்பு வெட்டினர்.

இத்தகைய மக்களிடையே 1841 செப்டம்பரில் வந்து இறங்கினார் அருள்பணி ழாக் தெசிரே லவால். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் மருத்துவராக இருந்து, 1838இல் குருவானவர் அவர். தீவின் குருக்கள் பலர் வெள்ளையரின் வரவேற்பறைகளில் பழகியிருக்க, இவர் விடுதலை பெற்றோரின் கிரெயோல் மொழியைக் கற்றார்; ஆண்டைகள் கொச்சை என்று ஏளனம் செய்த அம்மொழியிலேயே எளிய மறைக்கல்வி நூலொன்றை எழுதினார். அம்மக்களுள் இருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து வேதியராக்கி, குடிசைகள் நடுவே சிறு கோவில்களை எழுப்பினார். வெள்ளையரின் ஏளனத்தை ஏற்றார். 23 ஆண்டுகள் தாய்நாடு திரும்பாமலே உழைத்து, 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்; 2019இல் அவரது நினைவு நாளன்றே திருத்தந்தை பிரான்சிஸ் அத்தீவில் திருப்பலி நிறைவேற்றினார்.

சேந்த் குருவாவிலுள்ள அவரது கல்லறைக்கு நாங்கள் சென்றது ஒரு வேலைநாளின் காலை. கல்லறைமீது படுத்த நிலையில் அவரது உருவம். தொட்டுத் தொட்டு வழவழப்பேறியிருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8 இரவில் தீவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நடந்தே அங்கு வருகின்றனர். கத்தோலிக்கரோடு இந்துக்களும் இஸ்லாமியரும் அந்நடையில் உண்டு என்பதை அங்கு எவரும் வியப்பாகச் சொல்வதில்லை. நம் வேளாங்கண்ணியை அறிந்த எங்களுக்கும் அது புதிதன்று.

ஆயினும் அந்த நடைப்பயணத்தால் அத்தீவின் புண் ஆறிவிட்டதெனச் சொல்ல இயலாது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் பின்தங்கிக் கிடக்கும் நிலையை, 1993இல் அருள்பணி ரொஜே செர்வோ 'கிரெயோல் துயரம்' என்று பெயரிட்டு வெளிப்படையாகப் பேசினார். 1999 பிப்ரவரியில் காயா என்னும் கிரெயோல் பாடகர் காவலில் இறந்தபோது, தீவு கலவரத்தில் எரிந்தது. அடிமைமுறை, ஒப்பந்தக் கூலிமுறை ஆகிய இரண்டையும் சேர்த்து ஆராய அமைந்த உண்மை நீதி ஆணையம் 2011இல் அறிக்கை அளித்தது. நிலம் பற்றிய அதன் பரிந்துரைகளே மிகுதியும் வாதத்திற்குள்ளாயின.

ஏழாம் நாள் தென்மேற்கு முனையிலுள்ள லே மோர்ன் மலையடியில் நின்றோம். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த செங்குத்தான பாறை அது. விடுதலைச் செய்தியோடு வீரர் ஏறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்றெண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்பது கிரெயோல் மக்கள் வழிவழியாகக் கூறும் கதை. இதற்கு எழுத்துச் சான்றில்லை என்கின்றனர் ஆய்வாளர். எழுத்தைத் தம் கையில் வைத்திருந்தோர் யாரென எண்ணினால், சான்றில்லாமை வியப்பளிக்கவில்லை. மலையடியில் நினைவுக் கற்கள் நிறுவப்பட்டுள்ளன. அடிமைகள் கொண்டுவரப்பட்ட நாடுகளை வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார்: மடகாஸ்கர், மொசாம்பிக், பின்னர் இந்தியா. புதுச்சேரியிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அடிமைகளாக விற்கப்பட்டவர் உண்டாம். அவர்களுள் தமிழர் எத்தனை பேர் என்று கேட்டோம். பெயர் மாற்றப்பட்டதால் பிரித்தறிவது கடினம் என்றார் அவர்.