குழந்தைகளுக்கு ஒளியியல்: சின்ன டெலஸ்கோப் எப்படிக் கைகொடுக்கும்?

லென்ஸ் வாய்பாட்டை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நம்மில் பலருக்கும், ‘பிம்பம் எங்கே விழுது, காட்டு’ என்றால் கை நீட்டத் தெரியாது. அடுத்த தலைமுறைக்கும் அப்படியே ஆக வேண்டியதில்லை.

கலிலியோஸ்கோப் என்றால் என்ன?

கலிலியோ டெலஸ்கோப்பில் வானம் பார்த்து 400 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2009-ஐ சர்வதேச வானியல் ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அப்போது அமெரிக்க வானியலாளர்களும் கல்வியாளர்களும் உருவாக்கிய பிளாஸ்டிக் கிட் இது. பசை வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிள்ளைகளே பூட்டலாம், கழற்றலாம். இதுவரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கிட்கள் 100-க்கும் அதிகமான நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

எத்தனை மடங்கு பெரிதாக்கும்?

முன்பக்க லென்ஸின் விட்டம் 50 மி.மீ., குவியத் தூரம் 500 மி.மீ. கண்ணருகு லென்ஸின் குவியத் தூரம் 20 மி.மீ. 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25 மடங்கு. அவ்வளவுதான் கணக்கு.

கிட் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். இரண்டு பூதக்கண்ணாடிகள் போதும்.

1. ஜன்னலுக்கு எதிரே வெள்ளைத்தாள் பிடித்து, நடுவில் லென்ஸை முன்பின் நகர்த்துங்கள். வெளியே நிற்கும் தென்னை மரம் தாளில் தலைகீழாகத் தெரியும். தாளுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளிதான் ஏறக்குறைய குவியத் தூரம்.

2. இப்போது அட்டையால் லென்ஸில் பாதியை மறையுங்கள். மரம் பாதியாகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆகாது; முழு மரமும் தெரியும், கொஞ்சம் மங்கலாக. லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையும் உருவாக்குகிறது.

3. குவியத் தூரம் 30 செ.மீ., 5 செ.மீ. உள்ள இரு லென்ஸ்களை 35 செ.மீ. இடைவெளியில் வரிசையாகப் பிடித்தால், 6 மடங்கு டெலஸ்கோப் ரெடி.

மழைக்காலத்தில்?

இவை எல்லாம் பகலில், வீட்டுக்குள்ளேயே செய்பவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடும் கொச்சி, திருப்பூணித்துறை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வசதி. வானம் தெளிந்ததும் கலிலியோஸ்கோப்பில் நிலவின் பள்ளங்களையும் வியாழனின் 4 பெரிய நிலவுகளையும் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கு 2022 நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ திட்டமும் இப்படி ‘செய்து பார்த்துக் கற்பது’தான்.

கவனம்

டெலஸ்கோப்பிலோ லென்ஸிலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. கூலிங்கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், கிரகணக் கண்ணாடி எதுவும் அங்கே காப்பாற்றாது. நொடியில் பார்வை போய்விடும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.