ஸ்காட்ஸ்பரோ: கேள்வி கேட்க ஆளில்லாத நான்கு நாட்கள்

பாலியல் வன்முறைச் செய்தி ஒன்று வந்தால் நம்ம ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். "இவனுங்களுக்கெல்லாம் கோர்ட்டு ஒரு கேடா? வக்கீல் எதுக்கு? நடுரோட்டுல நிக்க வெச்சு சுட வேணாமா?" டீக்கடையிலும் இதே பேச்சுதான், ஆபீஸ் கேண்டீனிலும் இதே பேச்சுதான். அந்தக் கோபத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கோபம் வரலைன்னாதான் கவலைப்படணும். அதற்குள் இருக்கும் "வக்கீல் எதுக்கு?" என்ற கேள்வியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

காரணம், அமெரிக்காவின் அலபாமா மாநிலம் இதை 1931ல் ஏறக்குறைய செய்தே பார்த்துவிட்டது. பாலியல் குற்றத்தில் கைதானவர்களுக்குப் பேருக்கு மட்டும் வக்கீல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

ரயிலில் ஒரு சண்டை

1931 மார்ச் 25. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் டிக்கெட் இல்லாமல் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போவது அங்கே சகஜம். டென்னஸி மாநிலத்தின் சட்டனூகாவிலிருந்து மெம்பிஸ் நோக்கிப் போன ஒரு சரக்கு ரயிலில் அப்படிச் சில கறுப்பின இளைஞர்களும் வெள்ளை இளைஞர்களும் ஏறியிருந்தார்கள். வழியில் இரு தரப்புக்கும் அடிதடி. வெள்ளையர்கள் தோற்று, ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். நேராகப் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் புகார் செய்தார்கள்.

பெயின்ட் ராக் என்ற சின்ன ஊரில் துப்பாக்கி ஏந்திய கும்பல் ரயிலை மடக்கியது. பல பெட்டிகளில் சிதறிக் கிடந்த ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்தார்கள். பையன்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மூத்தவர்களுக்கு 19 வயது, இளையவர்களுக்குச் சுமார் 13. ஒருவருக்கு ஒரு கண்ணில் கிட்டத்தட்ட பார்வையே கிடையாது. இன்னொருவர் பால்வினை நோய் முற்றி, கம்பு ஊன்றித்தான் நடப்பார். ஒன்பது பேரும் ஒன்றாக வந்தவர்கள் கூட இல்லை. நால்வர் சட்டனூகாக்காரர்கள், மற்ற ஐவர் ஜார்ஜியாவிலிருந்து தனித்தனியாகக் கிளம்பியவர்கள்.

அதே ரயிலிலிருந்து ஹண்ட்ஸ்வில் ஊரின் பஞ்சாலையில் வேலை பார்த்த இரண்டு வெள்ளைப் பெண்களும் இறங்கினார்கள். விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ். இந்தப் பையன்கள் தங்களைக் கற்பழித்ததாகச் சொன்னார்கள். தாங்களே போலீஸ் பிடியில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது பின்னாளில் இதை ஆராய்ந்த பல வரலாற்றாசிரியர்களின் கருத்து.

அன்று இரவே ஸ்காட்ஸ்பரோ சிறைக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. விட்டிருந்தால் ஒன்பது பேரையும் தூக்கில் தொங்கவிட்டிருப்பார்கள். ஷெரீப் உதவி கேட்க, ஆளுநர் ராணுவத்தை அனுப்பினார். இதுவரைக்கும் அரசாங்கம் தன் கடமையைச் செய்தது என்றே சொல்லலாம். இதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை.

நான்கு நாட்கள், எட்டுத் தூக்கு

ஏப்ரல் 6ல் விசாரணை. கைதாகிப் பன்னிரண்டே நாள்! அந்த ஊர் வக்கீல்கள் எல்லாருமே இவர்களுக்கு வக்கீல் என்று நீதிபதி பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். எல்லாருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தமில்லாத வேலைன்னு கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் அதேதான் நடந்தது.

விசாரணை அன்று காலையில் வந்து நின்றவர்கள் இருவர். ஒருவர் சட்டனூகாவிலிருந்து வந்த, சொத்துப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல். அலபாமா சட்டம் எனக்குப் பழக்கமில்லை என்று அவரே நீதிபதியிடம் சொன்னார். இன்னொருவர் எழுபதை நெருங்கிய உள்ளூர் வக்கீல். பையன்களோடு அவர்கள் பேசக் கிடைத்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒன்பது உயிர், அரை மணி. கணக்குப் போட்டுப் பாருங்க.

ஜூரியில் இருந்த அனைவரும் வெள்ளையர்கள். நான்கு நாளில் வரிசையாக விசாரணைகள் முடிந்து, ஏப்ரல் 9ல் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மிக இளையவர்களில் ஒருவரான ராய் ரைட்டுக்கு அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது. ஜூரியில் 11 பேர், இல்லை, அவனையும் கொல்லணும் என்று பிடிவாதமாக நின்றதால் அவர் வழக்கு முடிவில்லாமல் போனது.

அதே டாக்டர், வேற கேள்வி

நான் சட்டம் படித்தவன் இல்லை. கோட் எழுதிப் பிழைப்பவன். ஏதாவது ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால், எந்த இடத்தில் எந்தச் சோதனை வேலை செய்யவில்லை என்று தேடுவதுதான் எங்க பிழைப்பு. அந்தக் கண்ணோடு இந்த வழக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் முகத்தில் அறைகிறது. உண்மை முதல் நாளே கைவசம் இருந்தது!

ரயில் மடக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே இரண்டு டாக்டர்கள் அந்தப் பெண்களைப் பரிசோதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் பிரிட்ஜஸ் 1931லேயே சாட்சி சொன்னார். ஆனால் அவரைத் துருவிக் கேட்க எதிரே ஆள் இல்லை.

1933ல் மறுவிசாரணை வந்தது (எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்). இந்த முறை டிகேட்டர் என்ற ஊரில். பையன்களுக்காக நின்றவர் நியூயார்க்கின் பெரிய கிரிமினல் வக்கீல் சாமுவேல் லீபோவிட்ஸ். அந்தச் சரக்கு ரயிலின் பொம்மை மாதிரி ஒன்றைச் செய்து நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து, யார் எந்தப் பெட்டியில் இருந்தார்கள் என்று கேட்டார். அதே டாக்டர் பிரிட்ஜஸிடம் அவர் கேள்வி மேல் கேள்வி கேட்க, விவரங்கள் வெளியே வந்தன. கூரான ஜல்லிக் கற்கள் மேல் கிடத்தி ஆறு பேர் மாறி மாறிப் பலாத்காரம் செய்ததாகவும் தலையில் ரத்தம் வந்ததாகவும் பிரைஸ் சொல்லியிருந்தார். உடம்பில் அதற்கு ஏற்ற காயங்கள் எதுவும் இல்லை. கிடைத்த கொஞ்சம் விந்தணுக்களும் உயிரோட்டம் இல்லாதவை. அன்றைய தேதியில் நடந்ததற்கு அது பொருந்தவில்லை.

பெண்கள் பதற்றமில்லாமல் இருந்தார்கள் என்பதையும் அன்று பெரிதாகப் பேசினார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர் அழுதுகொண்டுதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பது இன்றைக்குத் தெரிந்த விஷயம். அதை விட்டுவிட்டாலும் மற்றவை போதும்.

போதாதென்று ரூபி பேட்ஸே வந்து பையன்கள் பக்கம் சாட்சி சொன்னார். கற்பழிப்பு எதுவும் நடக்கவில்லை என்றார். சினிமாவாக இருந்தால் அங்கேயே விடுதலை, பின்னணி இசை. நிஜத்தில் அரசுத் தரப்பு வக்கீல் ஒருவர் எழுந்து, நியூயார்க்கிலிருந்து வந்த யூதப் பணத்துக்கு அலபாமாவின் நீதி விலைபோகாது என்று காட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். ஜூரி ஹேவுட் பேட்டர்சனுக்கு மறுபடியும் மரண தண்டனை கொடுத்தது.

ஆனால் இந்த முறை கேட்கப்பட்ட கேள்விகள் பதிவில் இருந்தன. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அவற்றைப் படித்தார். 1933 ஜூன் 22ல், பிரைஸின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் இல்லை, மற்ற ஆதாரங்கள் அதற்கு எதிராகவே இருக்கின்றன என்று விளக்கமாக எழுதி, ஜூரியின் தீர்ப்பை ரத்து செய்தார். அங்கே நீதிபதிப் பதவிக்கும் தேர்தல் உண்டு. அடுத்த ஆண்டு தேர்தலில் மனுஷன் தோற்றார். அதோடு அவருடைய நீதிபதி வாழ்க்கை முடிந்தது.

டெல்லிக்கு வந்த தீர்ப்பு

அந்த மறுவிசாரணை எப்படி வந்தது? மேல்முறையீடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓஸி பவல் என்ற பையனின் பெயரால் அது 'பவல் எதிர் அலபாமா' வழக்கு. 1932 நவம்பர் 7ல் நீதிபதி சதர்லாண்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வக்கீலின் உதவி இல்லாமல் படித்தவனே தன் வழக்கை நடத்த முடியாது, படிக்காத ஏழைப் பையன்கள் என்ன செய்வார்கள்? பேருக்கு ஒரு வக்கீலை நிறுத்துவதும் நிறுத்தாததும் ஒன்றுதான். தயாராக நேரம் வேண்டும்.

2011ல் அசாமைச் சேர்ந்த சுகுர் அலி என்பவரின் வழக்கில், வக்கீல் இல்லாத நிலையில் ஒருவருக்கு எதிராகக் கிரிமினல் வழக்கை முடிக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இந்த பவல் தீர்ப்பைத்தான் எடுத்து மேற்கோள் காட்டியது. அதற்குச் சில மாதம் முன்னால், 2010 டிசம்பரில், நம்ம கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கு. வக்கீல்களுக்கும் போலீசுக்கும் மோதல். குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

கைதான யாருக்கும் தன் விருப்பப்படி வக்கீல் வைக்கும் உரிமை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் உரிமை, இரண்டும் நம் அரசியல் சட்டத்தின் 22வது பிரிவிலேயே இருக்கின்றன. காசு இல்லாதவனுக்கு இலவச சட்ட உதவி உண்டு. குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பதைப் பொறுத்து இவை மாறுவதில்லை.

பிறகு என்ன ஆனார்கள்?

ஹார்ட்டன் போனதும் வேறு நீதிபதி, மறுபடி மரண தண்டனைகள். 1935ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. கறுப்பினத்தவரை ஜூரியில் சேர்ப்பதே இல்லை என்பது நிரூபணமானது. பட்டியலில் அவர்கள் பெயர்களைப் பின்னால் செருகியிருந்ததைத் தலைமை நீதிபதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். 1937ல் நால்வர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதில் ராய் ரைட்டும் ஒருவர். தண்டனையே இல்லாமல் ஆறு வருஷம் சிறை! மற்றவர்களுக்கு 20 வருஷம், 75 வருஷம், 99 வருஷம். கிளாரன்ஸ் நாரிஸுக்கு மூன்றாவது முறையாக மரண தண்டனை, பிறகு ஆயுளாகக் குறைந்தது.

கடைசியாக ஆண்டி ரைட் வெளியே வந்தது 1950ல். 19 வயதில் ரயில் ஏறியவருக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. நாரிஸுக்கு 1976ல் மன்னிப்பு. இன்னும் மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013 நவம்பரில். வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடு இல்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, பொண்ணுங்க பொய்தான் சொல்வாங்க" என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீங்க. நான் சொல்வது அதுவே இல்லை. புகார் உண்மையாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

2012 டெல்லி பேருந்து வழக்கை எடுத்துக்குங்க. அந்தப் பகுதி வக்கீல்கள் ஆஜராக மாட்டோம் என்றார்கள். ஆனாலும் வேறு வக்கீல்கள் வந்தார்கள், கடைசி இரவு வரை மனு மேல் மனு போட்டார்கள். நாமெல்லாம் திட்டினோம். 2020 மார்ச் 20ல் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தத் தண்டனை சரியா என்று வாதிடலாம். அவர்கள்தான் செய்தார்களா என்ற சந்தேகம் மட்டும் பெரிதாக யாருக்கும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அத்தனையும் கேட்டாயிற்று.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத். கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வரை போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். 2022ல் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கை, போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. சுடப்பட்டவர்களில் மூவர் மைனர்கள் என்றும் சொன்னது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா? இருக்கலாம். ஆனால் ஒரு டாக்டரையோ சாட்சியையோ நிறுத்தி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, இனி கேட்கவும் முடியாது. அந்தப் பெண்ணின் வழக்கில் தீர்ப்பு என்று ஒன்று கடைசிவரை வரப்போவதே இல்லை.